காலடியில் பிறக்கும் மின்சாரம்

"சிறு துளி பெரு வெள்ளம்" என்பது நம் முன்னோர் வாக்கு. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பதும் அவர்கள் வாக்கே. சிறியது என்று எதனையும் இகழாதே என்கிறது முதற் பழமொழி. எதனையும் அளவறிந்து செய் என்கிறது இரண்டாவது பழமொழி. இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு, இக்காலத்தில் பலராலும் வியந்து பேசப்படும் ஓர் அறிவியல் முயற்சியை இக்கட்டுரையில் ஆராய்வோம். மனிதர் நடக்கும் நடையிலிருந்து மின்சாரம் எடுப்பதே அம்முயற்சியாகும்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கெந்திங் மலைக்கும், சன்வே லகூனுக்கும், 2012ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்தில் திறக்கப்பட்ட லெகோலாந்துக்கும், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவுக்கும் மக்கள் திரள் திரளாகச் செல்வதைக் காண்கிறோம். அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களில் காலை முதல் மாலை வரை ஆயிரமாயிரம் கால்கள் நடக்கின்றன, ஓடுகின்றன, வரிசையில் நின்று துள்ளுகின்றன. அதே பூங்காவில் இராட்டினங்கள் சுழல்கின்றன. விளையாட்டு இரயில்கள் ஏறி இறங்குகின்றன. பல நிற விளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன. இவை யாவும் மின்சாரத்தால் இயங்குபவை. "இத்தனை கால்களின் மிதியையும் மின்சாரமாக மாற்றிவிட்டால் பூங்கா தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாமே!" என்னும் எண்ணம் எழுவது இயல்பு. நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. ஆதலால், புகையில்லாத புதிய வழி எதுவாயினும் அதனை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

மிதித்தால் மின்சாரம் வருமா?

வரும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியைக் கண்டறிந்தவர்கள் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள். இவர்களுள் இளையவராகிய பியர் கியூரியே பின்னாளில் மேரி கியூரி அம்மையாரை மணந்து, 1903ஆம் ஆண்டில் அவருடன் நோபெல் பரிசு பெற்றவர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பக்கங்களில் மின்னேற்றம் தோன்றுவதை இச்சகோதரர்கள் 1880ஆம் ஆண்டில் கண்டனர். இதனை அழுத்த மின்விளைவு என்பர். நம் சமையலறைகளில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கப் பயன்படும் கருவியை நினைத்துப் பாருங்கள். 'டக்' என்று அழுத்தியவுடன் தீப்பொறி பறக்கிறதன்றோ? அத்தகைய கருவிகள் பலவற்றில் இவ்வியல்புடைய ஒரு சிறு துண்டு உள்ளது. அதன்மீது அடி விழும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கணநேரம் தோன்றி மறைகிறது. ஆயினும், அப்பொறியைக் கொண்டு ஒரு விளக்கைத் தொடர்ந்து எரிக்க இயலாது. அதில் மின்னழுத்தம் பெரிது. சக்தியோ மிகச் சிறிது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழியை உலகிற்கு அளித்தவர் மைக்கல் ஃபாரடே. இவர் ஒரு கொல்லரின் மகன். வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சென்றார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே தம் அறிவை வளர்த்துக்கொண்டார். 1831ஆம் ஆண்டில், கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்னோட்டம் உண்டாவதை அவர் கண்டறிந்தார். மிதிவண்டியின் டைனமோ விளக்கு எரிவது இம்முறையிலேதான். 1930ஆம் ஆண்டு முதல் பேராக் ஆற்றின் சென்டரோ அணையில் மின்சாரம் பிறப்பதும் இம்முறையிலேதான். காலடி மின்சாரத்திற்கும் இதே தத்துவம் பயன்படுகிறது. தரையில் பதித்த ஓட்டின்மீது கால் வைத்தவுடன் அது சில மில்லிமீட்டர் அளவு கீழே அமிழ்கிறது. அந்த அசைவு உள்ளிருக்கும் சிறு மின்னாக்கியை இயக்குகிறது. காலை எடுத்தவுடன் ஓடு மீண்டும் மேலெழுகிறது.

உலகில் நடந்த முயற்சிகள்

ஜப்பான் நாட்டின் தோக்கியோ இரயில் நிலையத்தில், பயணிகள் டிக்கெட் காட்டி நுழையும் வாயிலில், 2006ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் இத்தகைய தரையை இட்டுச் சோதனை செய்தனர். 2008ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரில், ஆடுவோரின் கால் அசைவால் மின்சாரம் தரும் நடனத் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் லாரன்ஸ் கெம்பல்-குக் என்னும் ஆங்கிலேய இளைஞர், காலடி மின்சார ஓடுகளைச் செய்வதற்கென்றே 'பேவ்ஜென்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2013ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டப் போட்டியில் அவருடைய ஓடுகள் சாலையில் பதிக்கப்பட்டன. பல்லாயிரம் வீரர்கள் அவற்றின்மீது ஓடிச் சென்றனர். 2014ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், ஏழை எளியோர் வாழும் குடியிருப்பில் உள்ள காற்பந்துத் திடல் ஒன்றின் அடியில் இருநூறு ஓடுகள் பதிக்கப்பட்டன. அதன் தொடக்க விழாவிற்குக் காற்பந்து மன்னர் பெலே வந்திருந்தார். பகலில் சிறுவர்கள் ஆடும் ஆட்டம் இரவில் திடலின் விளக்குகளுக்கு உதவும் என்று அறிந்து உலகமே வியந்தது. ஆனால், அத்திடலில் சூரிய ஒளித் தகடுகளும் பொருத்தப்பட்டிருந்தன என்பதையும் நாம் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும். அஃது ஏன் என்பது அடுத்து வரும் கணக்கால் விளங்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நம் பெற்றோர், சேகரித்த பாலை நிறுவையிடத்திற்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே வாளி நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதையும் சோதித்துப் பார்க்கின்றனர். வாளி நிறையப் பால் இருந்தாலும் அதில் உலர்ந்த ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே தேறும். காலடியையும் நாம் அவ்வாறே சோதித்துப் பார்ப்போம்.

சக்தியை அளக்கும் அலகு ஜூல். ஒரு கிலோகிராம் எடையுள்ள பொருளைப் பத்துச் சென்டிமீட்டர் உயரம் தூக்குவதற்கு ஏறக்குறைய ஒரு ஜூல் சக்தி வேண்டும். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் செலவானால் அது ஒரு வாட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஒரு யூனிட் என்பது 3,600,000 ஜூல், அதாவது முப்பத்தாறு இலட்சம் ஜூல்.

அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஓட்டின்மீது கால் வைக்கிறார். ஓடு ஒரு சென்டிமீட்டர் அமிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 6 ஜூல். உராய்வு, வெப்பம் ஆகியவற்றால் அதில் பாதி வீணானால், மின்சாரமாகக் கையில் கிடைப்பது 3 ஜூல். பாலில் ரப்பர் தேறுவது போல, ஓர் அடியில் தேறுவது இவ்வளவே. ஒரு யூனிட் மின்சாரம் பெற வேண்டுமானால் பன்னிரண்டு இலட்சம் அடிகள் வைக்க வேண்டும்!

இனி, கேளிக்கைப் பூங்காவிற்கு வருவோம். ஒரு நாளில் 20,000 பேர் வருகின்றனர் என்று கொள்வோம். நுழைவாயிலில் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே போகும்போது ஒவ்வொருவரும் இருபது அடியும், வெளியே வரும்போது இருபது அடியும் அவற்றின்மீது வைக்கின்றனர். ஆக ஒருவருக்கு நாற்பது அடி; அதனால் கிடைப்பது 120 ஜூல். இருபதாயிரம் பேருக்கு 2,400,000 ஜூல். இது மூன்றில் இரண்டு பங்கு யூனிட்டே ஆகும். 60 வாட் மின்விசிறி ஒன்று ஏறக்குறைய பதினொரு மணி நேரம் சுழல்வதற்கு இது போதும். இருபதாயிரம் மக்களின் நடைக்கு ஒரே ஒரு மின்விசிறி!

அதே பூங்காவில் 'ரோலர் கோஸ்டர்' எனப்படும் விளையாட்டு இரயில் ஒன்று இருக்கிறது. ஆட்களுடன் சேர்த்து அதன் எடை பத்து டன் என்றும், அது முதலில் ஏறும் உயரம் முப்பது மீட்டர் என்றும் கொள்வோம். அந்த ஓர் ஏற்றத்திற்கு மட்டும் 3,000,000 ஜூல் வேண்டும். நாள் முழுவதும் இருபதாயிரம் பேர் வாயிலில் மிதித்துச் சேர்த்த சக்தி, அந்த இரயிலை ஒரே ஒரு முறை உச்சிக்கு ஏற்றுவதற்கும் போதவில்லை என்பதைக் காண்கிறோம்.

"வாயிலில் மட்டும் ஏன்? பூங்கா முழுவதும் ஓடு பதித்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒருவர் நாள் முழுவதும் பத்தாயிரம் அடி நடந்து, ஒவ்வோர் அடியும் ஓட்டின்மீதே பட்டால், இருபதாயிரம் பேரால் ஏறக்குறைய 167 யூனிட் கிடைக்கும். இது பெரிய அளவாகத் தோன்றும். ஆயினும், இதனைச் சூரியனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சூரியனும் காலடியும்

உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது ஏறக்குறைய ஆயிரம் வாட் சூரிய ஒளி விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை இன்றைய ஒளித் தகடுகள் மின்சாரமாக மாற்றுகின்றன. மேகம், மழை, வெப்பம் ஆகியவற்றால் ஏற்படும் குறைவைக் கழித்த பின்னரும், நம் நாட்டு வானிலையில் ஒரு சதுர மீட்டர் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் தருகிறது. இந்த அளவை நாம் முன்பே கண்டோம். ஆம், வாயிலில் மிதித்துச் செல்லும் இருபதாயிரம் மக்கள் தரும் மின்சாரத்தை, ஒரு மேசையின் பரப்பளவே உள்ள ஒரு தகடு கூரையின்மேல் அசையாமல் கிடந்தபடியே தந்துவிடுகிறது!

பூங்கா முழுவதும் ஓடு பதித்தால் கிடைக்கும் 167 யூனிட்டைப் பெறுவதற்கு ஏறக்குறைய 250 சதுர மீட்டர் தகடுகள் போதும். மூன்று பூப்பந்து ஆடுகளங்களைச் சேர்த்தால் அவ்வளவு பரப்பளவு வரும். அசையும் ஓடுகளோ தேயும். மழைநீரும் மணலும் அவற்றினுள் புகும். பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆதலின்தான், பாரிஸ் அருகிலுள்ள டிஸ்னிலாந்துப் பூங்கா தன் வாகன நிறுத்துமிடத்தின்மீது கூரையாகச் சூரிய ஒளித் தகடுகளை அமைத்தது. அப்பணி 2023ஆம் ஆண்டில் நிறைவுற்றது. வாகனங்களுக்கு நிழல், பூங்காவிற்கு மின்சாரம். இது நல்ல கணக்கு.

இலவசம் என்று ஒன்று உண்டா?

"எப்படியும் நடக்கத்தான் போகிறோம், அதிலிருந்து வரும் மின்சாரம் இலவசந்தானே?" என்பதும் சிலருடைய எண்ணம். மிதிவண்டியில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்தவுடன் மிதிப்பது கனமாகிவிடுவதைப் பெற்றோர் பலர் அறிவர். விளக்கின் ஒளி நம் கால்களின் உழைப்பிலிருந்தே வருகிறது. அமிழும் ஓட்டின்மீது நடப்பதும் அத்தகையதே. கடற்கரை மணலில் நடந்தால் விரைவில் களைப்படைகிறோம். காரணம் யாது? ஒவ்வோர் அடியிலும் மணல் அமிழ்ந்து நம் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஓடு அமிழ்வது சிறிதளவே என்பதால் அந்த இழப்பை நாம் உணர்வதில்லை. உணராவிட்டாலும் இழப்பு இழப்பே.

சக்தியை யாரும் புதிதாகப் படைக்க முடியாது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றத்தான் முடியும். இஃது இயற்கையின் அசையாத விதி. நாம் நடக்கும் சக்தி நாம் உண்ணும் சோற்றிலிருந்து வருகிறது. சோறு நெல்லிலிருந்தும், நெல் சூரிய ஒளியிலிருந்தும் வருகின்றன. ஆகவே, காலடி மின்சாரமும் சூரியனின் கொடையே. மிக நீண்ட வழி சுற்றி, வழியெல்லாம் சிந்திச் சிதறி வரும் கொடை எனலாம்.

அதிகாலையில் நெற்றி விளக்கு அணிந்து, நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக நாடி நடக்கும் தொழிலாளிக்கு, நடையும் உழைப்பே என்பதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய கால்கள் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு.

அப்படியானால் பயன் யாது?

இவ்வளவும் கேட்டபின், காலடி மின்சாரம் பயனற்றது என்று தள்ளிவிடலாமா? கூடாது. சிறியது சிறிய இடத்தில் பெருமை பெறும். எரிவாயு அடுப்பின் பொறியால் விளக்கெரிக்க முடியாது. ஆனால் அடுப்பெரிக்க அதுவே போதும்.

முதலாவதாக, காலடி ஓடு தன்மீது நடப்போரை எண்ணிச் சொல்லும். ஓர் அடியில் கிடைக்கும் சில ஜூல் சக்தி, ஒரு சிறு செய்தியை அனுப்பப் போதுமானது. பூங்காவில் எந்தப் பாதையில் கூட்டம் மிகுந்துள்ளது என்பதை இதனால் அறியலாம். நெரிசல் வருமுன் காக்கலாம். இரண்டாவதாக, ஆள் வரும்போது மட்டும் விளக்கை எரியச் செய்யலாம். ஆளில்லாத பாதையில் இரவெல்லாம் எரியும் விளக்கை அணைப்பதால் மிஞ்சும் மின்சாரம், ஓடு தரும் மின்சாரத்தைவிடப் பன்மடங்கு அதிகமாகும். 50 வாட் பாதை விளக்கு ஒன்று எட்டு மணி நேரம் வீணே எரியாமல் இருந்தால் 1,440,000 ஜூல் மிஞ்சுகிறது. அது 480,000 அடிகளுக்குச் சமம். மூன்றாவதாக, தன் கால் பட்டவுடன் விளக்கு ஒளிர்வதைக் காணும் குழந்தை, மின்சாரம் உழைப்பால் வருவது என்னும் பாடத்தைப் புத்தகமின்றிக் கற்றுக்கொள்கிறது. பூங்காக்களில் இத்தகைய ஓடுகளை அமைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வீட்டிற்கு வேண்டிய பாடம்

முன்னாளில் பல தோட்டங்களில் மின்சாரம் இரவில் சில மணி நேரம் மட்டுமே கிடைத்தது. தோட்டத்து இயந்திரம் நின்றால் லயன் வீடுகள் இருண்டுவிடும். அதற்குள் பாடம் படிக்க வேண்டும், சமைக்க வேண்டும், உண்ண வேண்டும். அக்காலத்தில் ஒளியின் அருமை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று சுவரிலுள்ள பொத்தானைத் தட்டினால் போதும். எளிதில் கிடைப்பதால் அதன் அருமை மறைந்துவிட்டது.

ஆளில்லா அறையில் பகல் முழுதும் சுழலும் மின்விசிறியைக் காணும்போது, மாணவர்களே, இந்தக் கணக்கை நினைவு கூருங்கள். அந்த விசிறி பதினொரு மணி நேரத்தில் தின்றுவிடும் மின்சாரத்தை ஈடு செய்ய, இருபதாயிரம் மக்கள் ஒரு பூங்காவின் வாயிலில் நடந்தாக வேண்டும். எழுந்து சென்று அதனை நிறுத்துவதற்கோ உங்களுக்குப் பத்து அடி போதும். அந்தப் பத்து அடியே உலகில் மிக அதிக மின்சாரம் தரும் காலடி!

பெற்றோருக்கும் ஒரு சொல். புதுமை என்றும், இலவசம் என்றும், அதிசயம் என்றும் பல பொருள்கள் நாள்தோறும் விளம்பரமாகி நம் வாசலுக்கு வருகின்றன. அவற்றுள் நல்லனவும் உண்டு. நம் பணத்தைக் கரைப்பனவும் உண்டு. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த ஒரு சிறுவன் வீட்டில் இருந்தால், "எவ்வளவு?" என்று கேட்டு உண்மையை அவன் கண்டுவிடுவான். நிறுவைக் கோல் சரியாக நின்றால்தான் உழைத்தவனுக்குக் கூலி சரியாகக் கிடைக்கும். அறிவியலும் ஒரு நிறுவைக் கோலே. அதனைப் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக.

சிறு துளிகள் சேர்ந்து பெரு வெள்ளமாவது உண்மை. அந்தத் துளிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே கல்வி.

மாணவர்கள் செய்து பார்க்க

1. உங்கள் எடையைக் கிலோகிராமில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாடிப் படிகளின் மொத்த உயரத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். எடையை உயரத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்குங்கள். மாடி ஏறுவதற்கு வேண்டிய சக்தி ஜூலில் கிடைக்கும். (முப்பது கிலோகிராம் எடையுள்ள மாணவன் மூன்று மீட்டர் உயரம் ஏறினால் 900 ஜூல்.)

2. அச்சக்தி முழுவதும் மின்சாரமாக மாறினால் 9 வாட் விளக்கு எத்தனை விநாடி எரியும்? அது ஒரு மணி நேரம் எரிவதற்கு நீங்கள் எத்தனை முறை மாடி ஏற வேண்டும்?

3. ஒரு வாரத்திற்கு உங்கள் வீட்டு மின்மானியை நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வாருங்கள். எந்த நாளில் அதிகம் செலவாயிற்று? காரணத்தைப் பெற்றோருடன் சேர்ந்து கண்டறியுங்கள்.